காற்று ஓய்ந்தால்தான் காசு: பாய்மரப் படகில் வாழ்ந்துகொண்டே சம்பாதிப்பதன் கணக்கு

சொந்தப் பாய்மரப் படகில் ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகப் போகிறவர்கள் எதை வைத்துச் சாப்பிடுகிறார்கள்? "இன்டர்நெட் இருந்தால் எங்கிருந்தும் வேலை பார்க்கலாமே" என்பதுதான் இப்போது எல்லோரும் சொல்லும் பதில். ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் வந்த பிறகு அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தீர்மானிப்பவை காற்று, மின்சாரம், குடியேற்றச் சட்டம், வரி. இந்த நான்கில் ஒன்றைக் கணக்கில் விட்டவர்கள்தான் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டே படகை விற்பனைக்குப் போடுகிறார்கள்.

இங்கே பேசுவது கப்பல் நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் மாலுமிகளைப் பற்றி இல்லை. 35 முதல் 45 அடி வரை நீளமுள்ள படகு, அதில் பெரும்பாலும் இரண்டே பேர், அந்தப் படகே அவர்களுக்கு வீடு. எடுத்துக்காட்டாக அட்லாண்டிக்–கரீபியன் வழித்தடத்தை எடுத்துக்கொள்வோம். அதிகம் பேர் போகும் வழி அது. கணக்கும் அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

காற்று போடும் நாட்காட்டி

பள்ளிப் புவியியலில் வியாபாரக் காற்று என்று படித்திருப்போம். வட அட்லாண்டிக்கில் அது வடகிழக்கிலிருந்து வீசுகிறது. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்திலிருந்து நவம்பர் கடைசியில் கிளம்பும் படகுகள், அந்தக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கரீபியனின் செயின்ட் லூசியாவுக்குப் போகின்றன. தூரம் சுமார் 2,700 கடல் மைல். மணிக்கு 6 கடல் மைல் வேகம் கிடைத்தால் 19 நாள். 5 தான் கிடைத்தால் 22, 23 நாள்.

டிசம்பர் முதல் மே வரை தீவுகளுக்கிடையே சுற்றலாம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். அந்த ஆறு மாதமும் படகு எந்த அட்சரேகைக்குத் தெற்கே இருக்க வேண்டும் என்பதைக் காப்பீட்டு ஒப்பந்தமே எழுதிவிடும். வழக்கமாக அது 12 டிகிரி வடக்கை ஒட்டி வரும். அதனால் படகுகள் கிரெனடா, டிரினிடாட், குராசோ பக்கம் இறங்கிவிடும். சில குவாத்தமாலாவின் ரியோ டுல்சே ஆற்றுக்குள் புகுந்துவிடும். கோடு போட்டதாலேயே ஆபத்து நீங்கிவிடாது. 2004-இல் ஐவன் புயல் கிரெனடாவைத் தாக்கியது. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் அதே நாட்டின் கரியாகூ தீவை நேராகத் தாக்கியது. பாதுகாப்புக்காக அங்கே ஒதுங்கி நின்ற படகுகள் பல அழிந்தன.

வருமானத்தின் கண்ணோடு பார்த்தால் இந்த ஆண்டு மூன்று துண்டாகிறது:

1. பெருங்கடலைக் கடக்கும் நாட்கள். வருமானம் பூஜ்யம். இரண்டே பேர் என்றால் மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை காவல் மாறும். தொடர்ச்சியாக ஐந்து மணி நேரத் தூக்கம் கிடைக்காதவர் ஒப்பந்தப்படி தரமான வேலையைத் தர முடியாது. தர முயன்றால் காவல் கெடும்.

2. தீவுகளுக்கிடையே நகரும் மாதங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலை நடக்கும். மீதி நாட்களைச் சுங்க அலுவலகம், தண்ணீர், டீசல், காய்கறி, பழுது ஆகியவை தின்றுவிடும்.

3. புயல் பருவம். படகு ஒரே இடத்தில் நிற்கும், அல்லது பட்டறையில் கரையேற்றி வைக்கப்பட்டிருக்கும். முழுநேர வேலைக்கு ஏற்ற காலம் இது ஒன்றுதான்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். படகுக்காரர்களுக்கு அது தலைகீழ்: காற்று உதவும் மாதங்களில் பயணம், படகு முடங்கிக் கிடக்கும் மாதங்களில் தூற்றல். இதை மாதச் சம்பளமாக நினைக்காமல் ஒரு போக விளைச்சலாக நினைத்தால் திட்டம் சரியாக வரும்.

ஒரு போகத்தில் எவ்வளவு விளைய வேண்டும்?

இருவர் வாழும் 40 அடிப் படகுக்கு மாதம் 2,400 டாலர் செலவு என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உணவு, டீசல், சமையல் எரிவாயு, காப்பீடு, ஒவ்வொரு நாட்டிலும் நுழைவுக் கட்டணம், இணையம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இரவில் நங்கூரத்தில் நின்றால் பெரும்பாலும் வாடகை இல்லை. மரினாவில், அதாவது கட்டணம் வாங்கும் படகுத்துறையில், கட்டினால் படகின் நீளத்துக்கு அடிக்கணக்கில் வாடகை. மரினாவிலேயே தங்கினால் இந்தத் தொகை போதாது.

இதில் எல்லோரும் குறைத்து எழுதும் செலவு பராமரிப்பு. படகின் விலையில் ஆண்டுக்கு 10 சதவீதம் என்பது பழைய கைக்கணக்கு. ஒரு லட்சம் டாலர் படகுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம். அது மாதாமாதம் சீராக வராமல் கட்டி கட்டியாக வருவதுதான் தொல்லை. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளைப் பத்து, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றச் சொல்லிக் காப்பீட்டுக்காரர் கேட்பார். அடிப்பகுதியில் சிப்பி ஒட்டாமலிருக்கப் பூசும் பெயின்ட் ஓரிரு ஆண்டுக்குத்தான் தாங்கும், அதைப் பூசக் கரையேற்றியாக வேண்டும். பாய்கள், பேட்டரிகள், நங்கூரச் சங்கிலி எல்லாவற்றுக்கும் ஆயுள் உண்டு.

ஆண்டுக்கு 28,800 டாலர் வேண்டும், முழுநேர வேலை ஆறு மாதம்தான் என்றால், அந்த ஆறு மாதத்தில் மாதம் 4,800 டாலர் கையில் நிற்க வேண்டும். கரைக்குப் போய்ச் சம்பாதிப்பதென்றால் விமானச் செலவும், பட்டறையில் படகை நிறுத்தும் வாடகையும், கரையில் அறை வாடகையும் இதன் மேல் ஏறும். "மாதம் இரண்டாயிரம் வந்தால் போதுமே" என்று கிளம்புகிறவர்கள் தவறுவது இந்தப் பெருக்கலில்தான்.

வேலையைத் தேதியால் எடை போடுங்கள்

படகு விபத்துகளைப் பற்றிப் பேசும்போது அனுபவசாலிகள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்று உண்டு: படகிலேயே ஆபத்தான பொருள் நாட்காட்டி. திங்கட்கிழமை கூட்டத்துக்குள் அடுத்த தீவில் நல்ல சிக்னல் வேண்டுமே என்று, காத்திருக்க வேண்டிய வானிலையில் நங்கூரத்தைத் தூக்குகிறார்கள். ஆகவே ஒரு வேலை எவ்வளவு தருகிறது என்பதற்கு முன் அது எந்தத் தேதியில் கட்டிப்போடுகிறது என்று பார்க்க வேண்டும்.

நேரலை வேலைகள், அதாவது வாடிக்கையாளர் அழைப்பு, ஆன்லைன் வகுப்பு, தினசரிக் கூட்டம், மிக மோசம். நேர மண்டலமும் சேர்ந்து அடிக்கும். நியூயார்க்கில் கோடைக்காலக் காலை 9 மணி என்பது கிரெனடாவிலும் 9 மணிதான்; தாய்லாந்தில் இரவு 8; டஹிட்டியில் அதிகாலை 3. சென்னையின் காலை 9.30 கிரெனடாவில் நள்ளிரவு 12.

வாரக் கெடு உள்ள வேலைகள் தாங்கும்: மென்பொருள், கணக்குப் பதிவு, வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு. இதிலும் நிறுவன ஊழியராக இருப்பதைவிட ஒப்பந்தக்காரராக இருப்பது நல்லது. ஊழியர் வேறொரு நாட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தால் நிறுவனத்துக்கே அங்கே வரிப் பொறுப்பு வரலாம் என்பதால் பல நிறுவனங்கள் அதை வெளிப்படையாகவே தடை செய்கின்றன. விபிஎன் போட்டு இருப்பிடத்தை மறைப்பது வேலையை இழக்க நேர்வழி.

இந்த வாழ்க்கைக்கென்றே தைத்ததுபோல் பொருந்துவது பருவ ஒப்பந்தம். அமெரிக்காவில் பயணச் செவிலியர் ஒப்பந்தம் வழக்கமாக 13 வாரம். இரண்டு ஒப்பந்தம் சேர்ந்தால் 26 வாரம். புயல் பருவத்தின் நீளமும் அதேதான். படகை டிரினிடாட்டில் கரையேற்றிவிட்டு ஜூனில் போய் டிசம்பரில் திரும்பலாம். சில மாதம் பணி, சில மாதம் விடுப்பு என்று சுழலும் வணிகக் கப்பல் அதிகாரிகளுக்கும் இது பொருந்தும். படத்தில் அழகாக வராது என்பதால் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கணக்கில் மட்டும் இதுதான் முதலிடம்.

லேப்டாப் வேலைக்கு முன் மின்சாரம்

நங்கூரத்தில் நின்று ஒருவர் எட்டு மணி நேரம் வேலை பார்க்கும் ஒரு நாளின் தேவை தோராயமாக:

1. லேப்டாப் 50 வாட் × 8 மணி = 400 வாட்-மணி
2. தனித் திரை 20 வாட் × 8 மணி = 160
3. ஸ்டார்லிங்க் மினி 30 வாட் × 10 மணி = 300
4. 12 வோல்ட் ஃபிரிட்ஜ் = 600
5. விளக்கு, விசிறி, தண்ணீர் பம்ப், போன் = 240

மொத்தம் 1,700 வாட்-மணி. 12 வோல்ட்டில் சுமார் 142 ஆம்பியர்-மணி. வெப்பமண்டலத்தில் 100 வாட் சோலார் பலகை நல்ல நாளில் 350 முதல் 400 வாட்-மணி தரும். பாய்மரத்தின் நிழல் குறுக்கே ஒரு கோடு விழுந்தால்கூட உற்பத்தி சரியும். எனவே 600 வாட் பலகை வேண்டும். மேகமூட்டமான நாளில் அது 700-க்கு இறங்கிவிடும். தொடர்ந்து இரண்டு நாள் அப்படி இருந்தால் 2,000 வாட்-மணி பள்ளம். அதை நிரப்ப 300 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி போதும், ஏனென்றால் அதில் 80 சதவீதம் வரை எடுக்கலாம். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. அதே அளவுக்கு 500 ஆம்பியர்-மணி, ஏறத்தாழ 150 கிலோ எடை.

வழக்கமாகக் கோளாறு வரும் இடங்கள்:

1. பழைய எஞ்சினில் லித்தியத்தை நேரடியாக இணைப்பது. லித்தியத்தின் உள்மின்தடை மிகக் குறைவு. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிடமிருந்து முடிந்தவரை உறிஞ்சும். ஆல்டர்னேட்டர் சூடேறிச் சுருள் கருகும். பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று திடீரெனத் துண்டித்தால் மின்னழுத்தம் எகிறி டயோடுகள் போகும். இடையில் மின்னோட்டத்தை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜரோ வெப்ப உணரியுள்ள வெளி ரெகுலேட்டரோ கட்டாயம்.

2. இன்வெர்ட்டரை நாள் முழுதும் ஓடவிடுவது. 2,000 வாட் இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 20 வாட் அளவுக்குத் தின்னும். ஒரு நாளைக்கு 480 வாட்-மணி, அதாவது ஒரு லேப்டாப்பின் பங்கைவிட அதிகம். 12 வோல்ட்டிலிருந்து நேராக யுஎஸ்பி-சி வழியே லேப்டாப்பைச் சார்ஜ் செய்தால் இது மிச்சம்.

3. ஸ்டார்லிங்க் மினிக்கு மெல்லிய, நீளமான ஒயர். அது 12 முதல் 48 வோல்ட் வரை ஏற்கும். பேட்டரி இறங்கியிருக்கும்போது ஒயரிலும் கொஞ்சம் இழப்பு சேர்ந்தால் 12-க்குக் கீழே போய், கூட்டத்தின் நடுவில் ரீஸ்டார்ட் ஆகும். பேட்டரிப் பக்கத்திலேயே மின்னழுத்தத்தை 24 அல்லது 30-ஆக உயர்த்தி அனுப்புவதே தீர்வு.

4. ஒற்றை இணைப்பை நம்புவது. உள்ளூர் சிம் கொண்ட 4ஜி ரவுட்டர் இரண்டாவதாக இருக்க வேண்டும். ஸ்டார்லிங்கின் சாதாரணப் பயணத் திட்டம் கரையோரத்துக்கானது. நடுக்கடலுக்கு விலை கூடிய முன்னுரிமைத் தரவு வேண்டும். உரிமம் தராத நாடுகளும் உண்டு. இந்தியக் கடற்பகுதிக்கு வருகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அனுமதியில்லாத செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பதே இங்கே குற்றம், வெளிநாட்டுப் பயணிகள் இதற்காகக் கைதாகியிருக்கிறார்கள்.

பக்கத்துப் படகுதான் சந்தை

இருபது படகு நிற்கும் துறையில் ஏதோ ஒன்று எப்போதும் பழுதாகியிருக்கும். அதனால் கைத்தொழில் தெரிந்தவருக்கு வேலை தேடி வரும். டீசல் எஞ்சின், மின்வேலை, ஃபிரிட்ஜ், பாய் தையல் ஆகிய நான்குக்கும் தேவை குறைவதேயில்லை.

தையலுக்கு வேண்டியது தடித்த துணியைத் தைக்கும் ஜிக்ஜாக் மெஷின். வெயிலில் முதலில் சாவது நூல்தான், துணி பிறகு. சாதாரண பாலியெஸ்டர் நூலை வெயில் சில ஆண்டுகளில் மக்கச் செய்துவிடும். பிடிஎஃப்இ (டெஃப்லான்) நூல் துணியைவிட அதிக நாள் நிற்கும், விலை பல மடங்கு. சுருட்டும் பாயின் ஓரத்தில் உள்ள வெயில்-காப்புத் துணியின் தையல் விட்டிருந்தால் முழுப் பாயையும் இழக்கும் முன் மறுதையல் போடலாம். இப்படிப்பட்ட வேலையே பாதிக்கு மேல் வரும்.

ஃபிரிட்ஜ் வேலையில் புதியவர் செய்யும் பிழை வாயுவை அதிகமாக ஏற்றுவது. 12 வோல்ட் சிறு கம்ப்ரசர் அமைப்பு 100, 150 கிராம் வாயுவில் ஓடக்கூடியது. கார் ஏசிக்கு ஊற்றுவதுபோல் ஊற்றினால் குளிர்ச்சி குறைந்து மின்செலவு ஏறும். திரும்பும் குழாயில் பனி எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும்.

தாங்குகம்பி வேலையில் கீழ்முனையை முதலில் பாருங்கள். இயந்திரத்தால் அழுத்திப் பொருத்திய முனைக்குள் உப்புநீர் இறங்கித் தேங்கி உள்ளிருந்தே விரிசல் விடும். கையாலேயே திருகிப் பொருத்தும் முனைகளைக் கையிருப்பில் வைத்திருப்பவர் பெரிய பிரஸ் இல்லாமலே மாற்றித் தர முடியும்.

வேறொருவர் படகை ஊர் மாற்றிக் கொடுக்கும் வேலையும் உண்டு. பிரிட்டனின் படகோட்டச் சங்கமான ஆர்ஒய்ஏ நடத்தும், படகுத் தலைவருக்கான யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் தேர்வுக்கு 50 நாள் கடல் அனுபவம், 2,500 மைல், 60 மைலுக்கு மேற்பட்ட ஐந்து பயணங்கள் (இரண்டில் தலைமை, இரண்டு இரவுப் பயணம்) வேண்டும். கூலிக்கு ஓட்ட, வணிக ஒப்புதலும் மருத்துவச் சான்றும் மேலதிகம். ஒப்பந்தத்தில் வானிலைக்காகக் காத்திருக்கும் நாளுக்கும் கூலி எழுதாவிட்டால் லாபம் துறைமுகத்திலேயே கரைந்துவிடும். நீங்கள் இல்லாத நாட்களில் உங்கள் படகை யார் பார்ப்பது என்பதும் செலவுதான்.

வீடியோ வருமானம்

2019 நவம்பரில் காலநிலைப் போராளி கிரேட்டா துன்பர்க்கை அமெரிக்காவிலிருந்து லிஸ்பனுக்கு ஏற்றிச் சென்ற 'லா வேகபாண்ட்' ஒரு யூடியூப் படகு. அந்த உயரம் மிகச் சிலருக்கே. விளம்பர வருமானம் தொடங்கவே 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 பார்வை மணியும் வேண்டும். 20 நிமிட 4கே வீடியோ ஏழெட்டு ஜிபி; பதிவேற்ற வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதைவிட, வாரம் ஒரு வீடியோ என்பதும் ஒரு தேதிதான். முதல் இரண்டு ஆண்டுத் திட்டத்தில் இந்த வருமானத்துக்கு நேரே பூஜ்யம் எழுதிக்கொள்வது பாதுகாப்பு.

சட்டம் நிற்கும் இடம்

பக்கத்துப் படகின் எஞ்சினைக் காசுக்குச் சரிசெய்தாலும் சட்டத்தின் பார்வையில் அது அந்த நாட்டில் செய்த வேலை. சுற்றுலா அனுமதியில் வந்தவருக்கு அந்த உரிமை இல்லை. உள்ளூர் மெக்கானிக் புகார் கொடுத்தால் அபராதம், வெளியேற்றம். அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது: வரியும் உரிமக் கட்டணமும் கட்டுவது அவர்தானே. தடையின்றி வேலை செய்யும் இடத்தைத் தீர்மானிப்பது கடவுச்சீட்டு. பிரெஞ்சுக் குடிமகன், கரீபியனில் பிரான்சின் பகுதியான மார்டினிக்கின் லெ மரானில் பட்டறை வேலைக்குப் போகலாம். அமெரிக்கர் போர்ட்டோ ரிக்கோவிலோ அமெரிக்க விர்ஜின் தீவுகளிலோ போகலாம்.

காசு வாங்கிப் பயணிகளை ஏற்றுவது இன்னும் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பதிவான படகை, ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் மதிப்புக் கூட்டு வரி (VAT) கட்டாமல் 18 மாதம் உள்ளே வைத்திருக்கலாம், சொந்த உபயோகத்துக்கு மட்டும். ஒரு பயணியிடம் கட்டணம் வாங்கினால் சலுகை முறிந்து முழு வரிக்கும் நோட்டீஸ் வரலாம். சாதாரணக் காப்பீடும் அந்தப் பயணத்துக்குச் செல்லாது.

லேப்டாப் வேலைக்கென்றே சில நாடுகள் விசா தருகின்றன. பார்படோஸ் 2020 ஜூலையில் 12 மாத 'வெல்கம் ஸ்டாம்ப்' கொண்டுவந்தது: ஆண்டு வருமானம் 50,000 டாலர், தனிநபர் கட்டணம் 2,000 டாலர். காகிதத்தில் பிரமாதம். வரைபடத்தை விரித்தால், பார்படோஸ் மற்ற தீவுகளுக்குக் கிழக்கே, காற்று வரும் திசையில் சுமார் நூறு மைல் தள்ளி இருக்கிறது. அட்லாண்டிக்கைக் கடந்து வரும்போது வழியில் கிடைக்கும். ஒருமுறை மேற்கே இறங்கிவிட்டால் எதிர்க்காற்றில் முட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். அங்குள்ள கார்லைல் விரிகுடாவோ அலை உள்ளே புகும் திறந்த துறை. ஆடும் படகில் எட்டு மணி நேரம் திரையைப் பார்ப்பது எளிதில்லை. தாய்லாந்து 2024 ஜூலையில் தொடங்கிய டிடிவி விசா ஐந்தாண்டு செல்லும், ஒரு நுழைவுக்கு 180 நாள், கையிருப்பு 5 லட்சம் பாட். ஆனால் விசா ஆளுக்குத்தான்; படகின் தற்காலிக இறக்குமதிக்கான காலக்கெடு தனியாக ஓடும்.

எந்த ஊருக்கும் சொந்தமில்லாதவருக்கும் வரி உண்டு

அமெரிக்கக் குடிமக்கள் உலகில் எங்கிருந்தாலும் வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். 12 மாதத்தில் 330 முழு நாள் வெளிநாட்டில் இருந்தால் உழைத்த வருமானத்தில் ஒரு பகுதிக்கு விலக்கு. 2025-க்கு 1,30,000 டாலர் வரை. படகுக்காரர்கள் வழுக்கி விழுவது 'வெளிநாடு' என்ற சொல்லில். சர்வதேசக் கடல் எந்த நாடும் இல்லை, எனவே அங்கே கழியும் முழு நாட்கள் 330-இல் சேராது. 365-இல் 330 போனால் மிஞ்சுவது 35. பனாமாவிலிருந்து பசிபிக்கின் மார்க்கேசாஸ் தீவுகள் வரை சுமார் 4,000 கடல் மைல் கடக்கவே ஒரு மாதம் போய்விடும். அதே 12 மாதத்தில் இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்தால் விலக்கு கைநழுவும். விலக்கு கிடைத்தாலும் சுயதொழில் செய்பவரின் 15.3 சதவீத வரி அப்படியே நிற்கும். நல்லவேளையாக அந்த 12 மாதம் ஜனவரியில் தொடங்க வேண்டியதில்லை. கடல் கடக்கும் மாதத்தை நடுவில் விழாதபடி நகர்த்தி எடுத்துக்கொள்ளலாம்.

இந்தியக் குடிமக்களுக்கு 2020-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இன்னொரு வலை விரித்தது. இந்தியாவிலிருந்து வரும் வருமானம் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாயைத் தாண்டி, வேறெந்த நாட்டிலும் வசிப்பின் பேரில் வரிக்கு உட்படாதவராக இருந்தால், இந்தியாவில் ஒரு நாள்கூட இல்லாவிட்டாலும் அவர் இங்கே வசிப்பவராகக் கருதப்படுவார். அப்போதும் வெளிநாட்டு வருமானம் முழுக்க வரிக்குள் வராது. இந்தியாவில் நிறுவிய தொழிலிலிருந்தோ இந்தியாவிலிருந்து நடத்தும் வணிகத்திலிருந்தோ வரும் பகுதிதான் வரும். வீட்டு வாடகை, வைப்பு வட்டியை நம்பிக் கிளம்பும் ஓய்வுபெற்றவர்களும், சென்னையில் நிறுவனம் வைத்துக்கொண்டு கடலிலிருந்து நடத்துகிறவர்களும் ஆடிட்டரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

இந்தியக் கடவுச்சீட்டுக்குத் தனியாக ஒரு கணக்கும் உண்டு. கிரெனடா, பார்படோஸ், டிரினிடாட், டொமினிக்கா போன்றவை குறுகிய தங்கலுக்கு விசா கேட்பதில்லை. நடுவில் வரும் மார்டினிக், குவாடலூப் பிரான்சின் பகுதிகளாக இருந்தாலும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே உள்ளவை. சாதாரண ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லாது. பிரெஞ்சுப் பாலினேசியாவும் அப்படியே. இந்த விசாக்களைப் புயல் பருவத்தில், ஊருக்கு வந்து நிற்கும் அந்த ஆறு மாதத்திலேயே வாங்கி வைப்பதுதான் நடைமுறை. டிசம்பரில் படகு தண்ணீரில் இறங்கிய பிறகு தூதரகத்தைத் தேடி அலைய நேரம் இருக்காது.